அண்ணன் கையில் சாவி



சாவு வீட்டில் அழுகை அடங்கி, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரிக்கும் நேரத்தில் ஒரு பேச்சு எழும். யாராவது ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். "அந்த வீட்டுக் கிராண்டு, பேங்குப் புத்தகம், இன்சூரன்ஸ் காகிதமெல்லாம் யாருகிட்ட இருக்கு?" உடனே பதில் வரும். "பெரியவன்கிட்டயே இருக்கட்டும். அவன்தானே அப்பன் எடத்துல நிக்கிறவன்." எல்லாரும் தலையாட்டுவார்கள். பெட்டிச் சாவி பெரிய மகன் கைக்குப் போய்விடும். அதற்கப்புறம் அதைப் பற்றி வாய் திறப்பது மரியாதைக் குறைவு என்று தம்பிமார்களும் தங்கைமார்களும் இருந்துவிடுவார்கள். கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல், கேட்டுப் பயனில்லாத காலத்தில் கேட்டுச் சண்டையிட்டு, தீபாவளிக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத குடும்பங்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அண்ணன் கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவர் நல்லவர்தான். அந்தச் சாவியோடு சேர்ந்து என்னென்ன பொறுப்பு தம் தலையில் ஏறியிருக்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லாததுதான் குறை. அதைச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

"நம்மகிட்ட என்னங்க சொத்து இருக்கு? அதெல்லாம் துரைமாருக்கும் தவுக்கேமாருக்கும்" என்று சிலர் சிரிக்கக்கூடும். வேடிக்கை என்னவென்றால், நாம் தலைமுறை தலைமுறையாய்ப் பால் வெட்டிய இடத்துக்கும் எஸ்டேட் என்றுதான் பெயர். இறந்தவர் விட்டுப்போன உடைமைக்கும் ஆங்கிலச் சட்டத்தில் எஸ்டேட் என்றுதான் பெயர். முதல் எஸ்டேட் நமக்குச் சொந்தமாய் இருந்ததில்லை. லயத்து வீடும் கம்பெனி வீடுதான். அதைப் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. ஆனால் இரண்டாவது எஸ்டேட் இன்று நம்மில் பலருக்கு உண்டு. தோட்டத்தை விட்டு வந்து ஜித்ராவிலோ சங்லூனிலோ அலோர் ஸ்டாரிலோ வாங்கிய மலிவு விலை வீடு, ஊழியர் சேமநிதி, இன்சூரன்ஸ், ஒரு மோட்டார் சைக்கிள், அம்மாவின் தாலிக்கொடி. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பங்குகூட எத்தனையோ வீட்டில் தகரப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. கூட்டிப் பார்த்தால் அது ஒரு சொத்துதான். சின்னச் சொத்துக்குத்தான் பெரிய சண்டை நடக்கிறது என்பதும் நாம் அறிந்ததே.

உயில் எழுதுகிறவர், தாம் போன பிறகு அதை நிறைவேற்றி வைக்க ஒருவர் பெயரை அதில் குறிப்பிடுவார். அவரைத்தான் லாயர்மார் எக்சிகியூட்டர் என்கிறார்கள். நாம் உயில் நிர்வாகி என்று சொல்வோம். எவ்வளவு பெரிய மனிதர் எழுதிய உயிலானாலும், அது காகிதத்தில் இருப்பதும் காரியமாவதும் பின்னால் பார்த்துக்கொள்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது. இதற்குத் தமிழர் சரித்திரத்திலேயே பெரிய சாட்சி ஒன்று உண்டு.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரியைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. கணித மேதை இராமானுஜன் அங்கே படித்தவர். அறிஞர் அண்ணாவும் அங்கே படித்தவர். அந்தப் பெயருக்குரிய பச்சையப்ப முதலியார் 1754-இல் பிறந்தவர். தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை. வெள்ளைக்காரக் கம்பெனி வியாபாரிகளுக்குத் துபாஷியாக இருந்து பெருஞ்செல்வம் சேர்த்தார். 1794-ஆம் ஆண்டு தமது சொத்தைத் தருமங்களுக்கு என்று உயில் எழுதிவிட்டு, அதே ஆண்டில் திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான். உயில் தெளிவாக இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் சொத்து பல்லாண்டுக் காலம் வழக்கிலும் வம்பிலும் மாட்டிக்கொண்டு, எழுதியவர் விரும்பியபடி தருமம் நடக்கவில்லை. கடைசியில் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, பொறுப்பான தரும கர்த்தாக்கள் ஏற்பட்டு, அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்ற வெள்ளைக்காரர் முன்னின்று, மிஞ்சி வளர்ந்த பணத்தில் 1842-இல் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுவே பிறகு கல்லூரியானது. உயில் எழுதியதற்கும் பள்ளிக்கூடக் கதவு திறந்ததற்கும் இடையே 48 வருடம்! பச்சையப்பர் சொத்துக்காவது வெள்ளைக்கார அட்வகேட் ஜெனரல் வந்தார். ஜித்ராவில் ஒரு மலிவு விலை வீட்டுக்காக எந்த ஜெனரல் வரப்போகிறார்? நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, உயில் நிர்வாகியின் வேலைதான் என்ன?

முதலில், அவர் வேலை வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உள்ளவர். உயிலில் பெயர் எழுதிவிட்டதால் மட்டும் மாட்டிக்கொண்டதாக ஆகாது. உடம்பு முடியவில்லை, வேலை சிங்கப்பூரில் இருக்கிறது என்றால் ஆரம்பத்திலேயே எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். ஆனால் அப்பா மோட்டார் சைக்கிளை விற்று, வாடகையை வாங்கிப் பையில் போட்டு, சொத்தில் கைவைத்த பிறகு "எனக்கு வேண்டாம்" என்றால் சட்டம் ஒப்புக்கொள்ளாது.

ஏற்றுக்கொண்டவர் இறப்புச் சான்றிதழையும் உயிலின் மூலப் பிரதியையும் பத்திரப்படுத்திக்கொண்டு, வழக்கறிஞர் மூலம் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். நம் பக்கத்தார் அலோர் ஸ்டார் போவார்கள். நீதிமன்றம் உயிலைப் பார்த்து ஏற்றுக்கொண்டு கொடுக்கும் உறுதிப் பத்திரத்துக்கு மலாயில் கெரான் புரோபெட் என்று பெயர். அது கையில் வந்த பிறகுதான் பேங்க் பேசும், நில அலுவலகம் பேசும். அதற்கு முன் இறந்தவரின் ஏடிஎம் கார்டைப் போட்டு இரவோடிரவாகப் பணம் எடுப்பது நம்மில் சகஜமாகிவிட்டது. "சாவுச் செலவுக்குத்தானே எடுத்தோம்" என்பார்கள். செலவு நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் பின்னால் தங்கச்சி கேட்கும்போது காட்ட ரசீது வேண்டாமா?

அடுத்து, சொத்து இன்னது, கடன் இன்னது என்று முழுக் கணக்கு எடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கடன்காரனைப் பார்க்கிறார்கள். முறை அதுவல்ல. நியாயமான ஈமச் செலவு, நிர்வாகச் செலவு, பிறகு கடன்கள், அதன் பிறகு மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு. கடன் இருக்கிறது என்று தெரிந்தும் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், கடன்காரன் நிர்வாகியின் சொந்தச் சட்டையைப் பிடிக்கச் சட்டமே வழிவிடும். முன்னெச்சரிக்கையாகக் கடன்காரர் இருந்தால் தெரிவிக்கும்படி செய்தித்தாளில் விளம்பரம் போடுவதும் இதற்காகத்தான்.

கடன் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். "அப்பன் பட்ட கடனைப் பிள்ளை தீர்க்கணும்" என்று நாம் சொல்லி வளர்ந்தவர்கள். மானமுள்ள பேச்சுதான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவர் கடன் இறந்தவர் சொத்திலிருந்துதான் தீர வேண்டும். சொத்து போதவில்லை என்றால், ஜாமீன் கையெழுத்துப் போடாத மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பதினாறாம் நாளே வாசலில் வந்து நின்று மிரட்டுகிறவர்களுக்குப் பயந்து, விதவைத் தாய் தாலிக்கொடியை அடகு வைக்கத் தேவையில்லை. ஆலோங் ஆட்கள் மிரட்டினால் போக வேண்டிய இடம் அடகுக் கடை அல்ல, போலீஸ் நிலையம். மளிகைக் கடை 555 புத்தகத்தில் உள்ள பாக்கியை மனமுவந்து கட்டுவது வேறு விஷயம். அது நம் நாணயம்.

இன்னொரு பயமும் பழைய ஆட்களிடம் இருக்கிறது. சொத்தைப் பெயர் மாற்றப் போனால் அரசாங்கம் சாவு வரி போட்டுப் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும் என்று. அந்த வரி 1991 நவம்பர் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. அதற்குப் பயந்து கிராண்டை ஒளித்து வைக்க வேண்டாம்.

வேலை முடியும் வரையில் நிர்வாகி, இறந்தவர் பணத்தைத் தம் பணத்தோடு கலக்கக் கூடாது. தனிக் கணக்கு வேண்டும். வாடகை வந்தது, நிலவரி கட்டியது, கூரை மாற்றியது என்று ஒவ்வொன்றும் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். வாரிசுகள் கேட்டால் காட்ட வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல, உரிமை. வீட்டைத் தானே மலிவாக வாங்கிக்கொள்ளக் கூடாது. பாடுபடுகிறவருக்குக் கூலி கிடையாதா என்றால் உண்டு. நீதிமன்றம் அனுமதித்தால், திரட்டிய சொத்து மதிப்பில் நூற்றுக்கு 5-க்கு மேற்படாமல் கொடுக்கலாம். அனுமதி இல்லாமல் எடுப்பதற்குத்தான் வேறு பெயர்.

எத்தனை நாளில் முடிக்க வேண்டும்? இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிரித்தாக வேண்டும் என்று நிர்வாகியை எவரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த ஓராண்டு அவருக்குச் சட்டம் கொடுத்த மூச்சு விடும் காலம். ஆகவே கருமாதி முடிந்த மறுநாளே "என் பங்கு எங்கே?" என்று நிற்கும் தம்பிமார்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதே சமயம், ஓராண்டு தாண்டியும் "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லும் அண்ணன் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்.

இதுவரை சொன்னது உயில் இருக்கும் வீட்டுக்கு. நம் வீடுகளில் பத்துக்கு எத்தனை வீட்டில் உயில் இருக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உயில் இல்லாவிட்டால், நிலமோ வீடோ உள்ள சொத்துக்கு நில நிர்வாகத்தின் சிறுசொத்துப் பங்கீட்டு முறை இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அது. மொத்த மதிப்பு 20 லட்சம் வெள்ளி வரை என்று இருந்ததை 2024 ஜூலை முதல் 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். நம் வீடுகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். வீடு எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே மனுப் போட வேண்டும். ஜித்ரா வீடு என்றால் குபாங் பாசு மாவட்டம். வாரிசுகள் எல்லாரையும் ஒருநாள் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். நிலம், வீடு இல்லாமல் வெறும் பணமும் பொருளும் 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாமல் இருந்தால் அமானா ராயாவிடம் போகலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவை அணுகலாம்.

பங்கு யாருக்கு எவ்வளவு? இதைத் தீர்மானிப்பது அண்ணனும் அல்ல, தாய்மாமனும் அல்ல. 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம், 1997-இல் திருத்தியபடி. (இஸ்லாமிய அன்பர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தனிமுறை உண்டு.) ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். கடனெல்லாம் போக மிஞ்சியது 1,20,000 வெள்ளி பெறும் வீடு. மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மனைவிக்கு மூன்றில் ஒன்று, 40,000. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, ஆளுக்கு 20,000. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பங்கு. "கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஏது பங்கு, சீர் செஞ்சாச்சே" என்ற பேச்சு விசாரணையில் எடுபடாது.

இப்போது அதே வீட்டில் அப்பாவின் தாயார், நம் பாட்டி, உயிரோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மாறிவிடும். பாட்டிக்கு நாலில் ஒன்று, 30,000. மனைவிக்கு 30,000. பிள்ளைகளுக்குப் பாதி, ஆளுக்கு 15,000. பாட்டி அன்றைக்கே, "எனக்கெதுக்குய்யா, பேரப் பிள்ளைங்களுக்கே இருக்கட்டும்" என்று விசாரணையில் சொல்லிக் கையெழுத்து வைத்தால் முடிந்துவிட்டது. ஆனால் யாரும் மனுவே போடவில்லை. ஐந்து வருடம் கழித்துப் பாட்டி கண்ணை மூடுகிறார். அவருக்குச் சேர வேண்டிய 30,000 இப்போது அவருடைய பிள்ளைகளுக்கு! மொத்தம் ஐந்து பிள்ளைகள் என்றால் ஒரு கிளைக்கு 6,000. ஒரு சித்தப்பா கூலிமில், ஒரு அத்தை கிள்ளானில். 1969-க்குப் பிறகு வேலைப் பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் கப்பலேறி ஊர் திரும்பினவே, அதில் போன ஒரு பெரியப்பா வழியில் தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று பேர். இத்தனை பேரையும் தேடிப் பிடித்து, விசாரணைக்கு வரவைத்து, அல்லது சம்மதம் வாங்கி, பிறகுதான் அந்த விதவைத் தாய் இருக்கும் வீடு அவள் பெயருக்கு வரும். வீடு இடிந்தாலும் அதை வைத்துக் கடன் வாங்கிக் கட்ட முடியாது, விற்கவும் முடியாது. எல்லாம் "நாளைக்குப் பேசிக்கலாம்" என்ற ஒரு வார்த்தையால் வந்த வினை.

தோட்டத்து ஆட்களுக்கு இன்னொரு தலைவலி பெயர். அந்தக் காலத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். தாத்தா ஐசியில் ஒரு விதம், சூராட் பெரானாவில் ஒரு விதம், கிராண்டில் ஒரு விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடுதாசி எடுத்துக் காட்டும் வரை வேலை நகராது. கல்யாணப் பதிவும் அப்படியே. கல்யாணச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1982 மார்ச் 1-க்கு முன் வழக்கப்படி தாலி கட்டிய ஜோடிகளுக்கு அந்தக் கல்யாணம் செல்லும். அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள், தான் மனைவிதான் என்று நிரூபிக்கப் படாத பாடு படுகிறாள். எடுத்து வளர்த்த பிள்ளையும் இப்படித்தான். நீதிமன்றம் மூலம் முறையாகத் தத்து எடுக்காவிட்டால், உயில் இல்லாத சொத்தில் அந்தப் பிள்ளைக்குக் காலணா கிடையாது. பால் கொடுத்து வளர்த்த பாசமெல்லாம் நில அலுவலகத்தில் கணக்கில்லை. இப்படிப்பட்ட வீட்டில்தான் உயில் கட்டாயம் வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் நிற்கக் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கூடாது. ஆனால் பெயர் இழந்துவிடுவார் பங்கை. பக்கத்து வீட்டுக்காரர் போதும். உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்துகொண்டால் அந்த உயில் செத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நாமினி விஷயத்திலும் குழப்பம் அதிகம். சேமநிதியில் பெயர் கொடுத்திருந்தால், முஸ்லிம் அல்லாதவரின் பணம் அந்த நபருக்கே சொந்தமாகப் போகும். உயிலில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் எடுபடாது. ஆகவே வாலிபத்தில் யார் பெயர் கொடுத்தோம் என்பதை ஒருமுறை போய்ப் பார்த்து வருவது நல்லது. இன்சூரன்ஸ் அப்படியல்ல. மனைவி, பிள்ளை பெயர் இருந்தால் அவர்களுக்கே சொந்தம். இருவரும் இல்லாதபோது தாய் தகப்பன் பெயர் இருந்தாலும் அப்படியே. ஆனால் தம்பி பெயரைக் கொடுத்திருந்தால், தம்பி அந்தப் பணத்தை வாங்குவது நிர்வாகியாக மட்டுமே. வாங்கி, சட்டப்படி அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் சேர்க்க வேண்டும். "என் பேருலதானே அண்ணன் எழுதிட்டுப் போனாரு" என்று புதுக் கார் வாங்கினால் அது வேறு கதையாகிவிடும். சொக்சோவின் வாரிசு ஓய்வூதியமோ இந்த எதிலும் சேராது. அது சொக்சோ சட்டப்படி நேரே மனைவி மக்களுக்குப் போகிறது, அதில் நிர்வாகிக்கு வேலையில்லை.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் பங்கைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம். அவர்களால் கேட்க முடியாது, கணக்குப் பார்க்கத் தெரியாது. அந்தப் பங்கை அவர்கள் வயதுக்கு வரும் வரை தனியாகக் காப்பாற்ற வேண்டும். அமானா ராயாவிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். பெரிய பிள்ளைகளிடம் பங்கைக் கொடுக்கும்போது, தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்தக் காகிதத்தில் ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். நில விசாரணைக்குப் போகும் அன்று எடுத்துப் போக வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் எல்லாருடைய ஐசி, சூராட் பெரானா, கல்யாணப் பத்திரம், வீட்டுக் கிராண்டு, நிலவரி கட்டிய ரசீது. மூலப் பிரதியும் நகலும் இரண்டும் வேண்டும். வர முடியாத அக்கா தங்கைமார்களின் சம்மதத்தை எந்தப் பாரத்தில் வாங்க வேண்டும் என்பதை மனுப் போடும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் இன்னொரு நடை மிச்சம்.